அசையாத பக்கம்: கட்டற்ற அச்சுக்கோப்பு மென்பொருட்களின் உள்ளே

அச்சகத்துக்கு ஒரு நூலின் கோப்பை அனுப்பினால், அங்கிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஃபான்ட் எல்லாம் எம்பெட் ஆகியிருக்கா?" அதாவது, நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கிறதா என்று கேட்கிறார்கள். பதியாவிட்டால் அங்குள்ள கணினி தன்னிடம் இருக்கும் வேறொரு எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும். அதன் எழுத்துகள் அரை மயிரிழை அகலமாக இருந்தாலே போதும். ஒரு வரியின் கடைசிச் சொல் அடுத்த வரிக்கு இறங்கும். அந்த வரி நிரம்பி அதற்கடுத்த வரியைத் தள்ளும்.

நான் முதன்முதலில் தயாரித்துக் கொடுத்த நூலில் இதுதான் நடந்தது. சொற்செயலியில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே அனுப்பினேன். மெய்ப்பு, அதாவது சரிபார்க்கும் படி, வந்தபோது மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு எல்லாமே ஒரு பக்கம் தள்ளிப்போயிருந்தது. பொருளடக்கத்தில் இருந்த பக்க எண்களில் பாதி தவறு. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, பக்கம்தான் அசைந்துவிட்டது. அச்சுக்குத் தயாரான கோப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

அச்சுக்குத் தயாரான கோப்பு ஒரு வாக்குறுதி. இந்தப் பக்கம் எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த இயந்திரத்தில் அச்சானாலும், இப்படியேதான் இருக்கும் என்ற வாக்குறுதி. இன்று அதைச் சுமப்பது பிடிஎஃப். அடோபி நிறுவனம் 1984-ல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழியைக் கொண்டுவந்தது. அதன் வழித்தோன்றலாக 1993-ல் பிடிஎஃப் வந்தது. 2008-ல் அது ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமானது.

பிடிஎஃப் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் அதன் இயல்பு புரிந்துவிடும். 'இந்த எழுத்துருவில், இந்த அளவில், இந்த வடிவத்தை, பக்கத்தின் இந்த இடத்தில் வை' என்ற கட்டளைகள்தான் உள்ளே நிறைந்திருக்கும். அச்சிடும் நேரத்தில் பத்தி எங்கே தொடங்குகிறது, வரி ஏன் அங்கே முடிகிறது என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. எல்லா முடிவுகளும் முன்பே எடுக்கப்பட்டுவிட்டன, பிடிஎஃப் அந்த முடிவுகளை உறையவைத்து வைத்திருக்கிறது. அப்படியானால் முடிவெடுத்தது யார்? அச்சுக்கோப்பு மென்பொருள். பக்கம் அழகாக இருப்பதும் அசிங்கமாக இருப்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது.

கட்டற்ற, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய, அச்சுக்கோப்பு மென்பொருளின் வரலாறு ஓர் எழுத்தாளரின் ஏமாற்றத்தில் தொடங்குகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத் கணினி நிரலாக்கம் பற்றிப் பல தொகுதிகள் கொண்ட பெரிய நூல் ஒன்றை எழுதிவந்தார். முதல் பதிப்புகள் ஈய எழுத்தில், மோனோடைப் இயந்திரத்தில் கோக்கப்பட்டவை. இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கு 1977-ல் மெய்ப்பு வந்தபோது, தொழில்நுட்பம் ஒளி அச்சுக்கோப்புக்கு மாறியிருந்தது. எழுத்துகளும் கணிதக் குறிகளும் பழைய தரத்தில் இல்லை. அதைப் பார்க்கவே அவருக்குப் பொறுக்கவில்லை. அதே சமயத்தில், எண்முறை இயந்திரம் ஒன்றில் அச்சான வேறொரு நூலின் மாதிரிப் பக்கங்களையும் பார்த்தார். அங்கே பக்கம் என்பது நுண்ணிய புள்ளிகளின் கட்டம். ஒவ்வொரு புள்ளியிலும் மை உண்டு அல்லது இல்லை, ஒன்று அல்லது சுழியம். ஒன்றையும் சுழியத்தையும் அடுக்குவது நிரலாளரின் வேலைதானே என்று அவருக்குத் தோன்றியது.

டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைத் தானே எழுதத் தொடங்கினார். சில மாதங்களில் முடித்துவிடலாம் என்று நினைத்த அந்த வேலை ஏறத்தாழ பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டது. 1978-ல் முதல் வடிவம் வந்தது. பிறகு அதை ஒதுக்கிவிட்டு முழுவதையும் திரும்ப எழுதினார். அந்த இரண்டாம் வடிவம்தான் இன்றைய டெக். எழுத்துருக்களை வரைய மெட்டாஃபான்ட் என்ற துணை மென்பொருளையும் எழுதினார். மூல நிரலைக்கூட விளக்கங்களோடு 1986-ல் புத்தகமாகவே வெளியிட்டார். மறைக்க ஒன்றுமில்லை, யாரும் படித்துக் கற்றுக்கொள்ளலாம் என்ற மனப்பான்மை அதில் தெரிகிறது. டெக் என்ற பெயர் கலை, கைத்திறன் இரண்டையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் கடைசி ஒலி கிரேக்க எழுத்தான 'கி'யின் ஒலி. TeX என்று எழுதுவதால் பலரும் டெக்ஸ் என்கிறார்கள், அது தவறு. தொண்டையை உரசி வரும் அந்த ஒலிக்கு நம் ஆய்த எழுத்து ரொம்பப் பக்கத்தில் வரும்.

சரி, இந்த மென்பொருள் அப்படி என்ன செய்கிறது?

டெக்கைப் பொறுத்தவரை பக்கத்தில் இருப்பவை பெட்டிகளும் பசையும். ஒவ்வொரு எழுத்தும் அகலம், உயரம், ஆழம் மட்டுமே கொண்ட ஒரு பெட்டி. எழுத்துப் பெட்டிகள் சேர்ந்து வரிப் பெட்டி, வரிகள் சேர்ந்து பக்கப் பெட்டி. பெட்டிகளுக்கு இடையில் இருப்பது பசை. இயல்பான அளவு, எவ்வளவு நீளலாம், எவ்வளவு சுருங்கலாம் என்று மூன்று அளவுகள் அதற்கு உண்டு. பசை என்பதைவிட ஸ்பிரிங் என்று அழைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்று கனூத்தே பின்னர் எழுதினார். பக்கத்தின் இரு ஓரங்களும் நேராக இருக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு வரியிலும் இந்த ஸ்பிரிங்குகளை இழுக்கவோ அமுக்கவோ வேண்டும். எங்கே வரியை முறித்தால் இழுவை குறையும் என்பதுதான் கேள்வி.

சாதாரண சொற்செயலி இதை வரி வரியாகத்தான் முடிவு செய்யும். இந்த வரியில் எவ்வளவு சொற்கள் கொள்ளுமோ அவ்வளவையும் திணிக்கும், மிச்சத்தை அடுத்த வரிக்குத் தள்ளும். ஒருமுறை முறித்த வரியைத் திரும்பிப் பார்க்காது. இது எங்கே தவறுகிறது என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். வரியின் அகலம் 10 எழுத்து என்று வையுங்கள். சொற்களின் நீளம் வரிசையாக 4, 5, 3, 9. திணிக்கும் முறையில் முதல் வரியில் 4-ம் 5-ம் நடுவில் ஓர் இடைவெளியோடு கச்சிதமாக உட்கார்ந்துவிடும். மிச்சம் 0. இரண்டாம் வரியில் 3 மட்டும், ஏனென்றால் 9 அங்கே கொள்ளாது. மிச்சம் 7. மூன்றாம் வரியில் 9, மிச்சம் 1. முதல் வரி பிரமாதம், இரண்டாம் வரியில் பெரிய ஓட்டை.

இப்போது முதல் வரியில் 4-ஐ மட்டும் வைத்துப் பாருங்கள். மிச்சம் 6. இரண்டாம் வரியில் 5-ம் 3-ம் சேர்ந்து உட்காரும், மிச்சம் 1. மூன்றாம் வரியில் மிச்சம் 1. மிச்சங்களை அப்படியே கூட்டினால் இரண்டுக்கும் 8-தான் வரும். ஆனால் கண்ணுக்கு ஓட்டையின் உறுத்தல் அப்படிக் கூடுவதில்லை, பெரிய ஓட்டை பலமடங்கு உறுத்தும். அதனால் ஒவ்வொரு மிச்சத்தையும் மும்மடியாக்கிக் கூட்டினால், முதல் முறைக்கு 344, இரண்டாவதுக்கு 218. இரண்டாவதே மேல். டெக்கும் இதே போக்கில்தான் கணக்கிடுகிறது. பசை தன் வரம்பில் எவ்வளவு விகிதம் நீண்டது அல்லது சுருங்கியது என்று பார்த்து, அதை மும்மடியாக்கி, 100-ஆல் பெருக்கி அந்த வரிக்கு ஒரு 'கேடு' எண் கொடுக்கிறது. வரியை இணைக்குறி (ஹைஃபன்) போட்டு முறித்தால் தனியாக அபராதம். ஒரு நெருக்கமான வரியும் அடுத்து ஒரு அகன்ற வரியும் வந்தால் அதற்கும் கூடுதல் தண்டனை. பத்தி முழுவதற்கும் மொத்தக் கேடு எங்கே குறைவோ அந்த முறிப்புகளைத் தேர்ந்தெடுக்கிறது.

நூறு சொல் கொண்ட பத்தியில் எங்கெங்கே முறிக்கலாம் என்ற சாத்தியங்களை எண்ணினால் வாழ்நாள் போதாது. கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981-ல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழி சொன்னது. பத்தியின் ஒவ்வொரு முறிப்பிடத்துக்கும் 'இதுவரை வர மிக மலிவான வழி எது' என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மற்ற வழிகளைக் கைவிட்டுவிடலாம். அதனால்தான் பத்தியின் கடைசியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினாலும் முதல் வரி வேறு இடத்தில் முறியக்கூடும். முதன்முதலில் பார்ப்பவருக்கு இது பிழைபோலத் தெரியும். உண்மையில் மென்பொருள் பத்தி முழுவதையும் படித்துவிட்டு முடிவெடுத்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அடோபியின் வணிக மென்பொருளான இன்டிசைன் பத்தி முழுவதையும் பார்த்து வரி முறிக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது இந்த ஆய்விலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. டெக் தன் உள் அளவுகளை முழு எண்களாகவே வைத்துக்கொள்கிறது. ஓர் அங்குலம் 72.27 பாயின்ட், ஒரு பாயின்ட் 65,536 நுண்துண்டுகள். அந்தத் துண்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. இத்தனை நுணுக்கம் எதற்கு? தசமக் கணக்கில் கணினிக்குக் கணினி நுண்ணிய வேறுபாடு வரும், முழு எண்ணில் வராது. வரி எங்கே முறியும் என்பது எந்த இயந்திரத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று அவர் உறுதியாக இருந்தார்.

சொற்களை எங்கே பிரிக்கலாம் என்ற கேள்விக்கு கனூத்தின் மாணவர் ஃபிராங்க் லியாங் 1983-ல் தன் ஆய்வேட்டில் பதில் கண்டார். பெரிய அகராதியை அப்படியே சுமக்காமல், அதிலிருந்து வடித்த 4,447 எழுத்துத் தொடர்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஆங்கிலச் சொற்களின் பிரிப்பிடங்களில் 89 விழுக்காட்டைச் சரியாகக் கண்டுபிடிக்கும் முறை அது. மொழி மாறினால் தொடர்களின் பட்டியலை மாற்றினால் போதும். தமிழுக்கும் அப்படியொரு பட்டியல் டெக் தொகுப்பில் இருக்கிறது. தமிழுக்கு இது எவ்வளவு அவசியம் என்பது குறுகிய பத்திகளில் அச்சான எதையாவது பார்த்தால் தெரியும். 'கொண்டிருக்கிறார்கள்' போன்ற நீண்ட சொல் வரிக்கடைசியில் கொள்ளாமல் இறங்கினால் மேல் வரி பல்லிளித்துக்கொண்டு நிற்கும். பிரித்தால் கொண்-டி-ருக்-கி-றார்-கள் என்று பிரிக்கலாம். புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரவே கூடாது. தமிழ் நூல்களில் இப்படிப் பிரிக்கும்போது இணைக்குறி போடாமலே விடுவது பழைய வழக்கம், மென்பொருளில் அதையும் அமைத்துக்கொள்ளலாம்.

டெக்கை நேரடியாகக் கையாள்வது கடினம். 1980-களின் முதல் பாதியில் கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் லாடெக் என்ற அடுக்கைக் கட்டினார். 'இது தலைப்பு', 'இது அடிக்குறிப்பு', 'இது மேற்கோள்' என்று மட்டும் எழுத்தாளர் சொல்லிவிட்டால் போதும், அது எப்படித் தெரிய வேண்டும் என்பதை வடிவமைப்புக் கோப்பு பார்த்துக்கொள்ளும். பக்க எண்கள், பொருளடக்கம், அட்டவணை எண்கள் எல்லாம் தாமாகச் சேரும். கணிதமும் இயற்பியலும் எழுதுபவர்கள் உலகெங்கும் இதில்தான் எழுதுகிறார்கள்.

ஆரம்பத்தில் டெக் பிடிஎஃப் கொடுக்கவில்லை, அப்போது பிடிஎஃப்பே கிடையாது. எந்தக் கருவியையும் சாராத ஓர் இடைக்கோப்பைக் கொடுத்தது, அதை வேறு நிரல்கள் அச்சுப்பொறிக்கு ஏற்ப மாற்றின. நேரடியாக பிடிஎஃப் தரும் வசதியை உருவாக்கியவர் செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தில் படித்த ஹான் தே தான் (Hàn Thế Thành). அவருடைய பிடிஎஃப்டெக் இன்னொரு காரியமும் செய்தது. எழுத்துருக் கலைஞர் ஹெர்மன் ட்சாஃப் முன்வைத்த கருத்துகளை ஒட்டி, வரி ஓரத்தில் வரும் முற்றுப்புள்ளியையும் இணைக்குறியையும் ஓரத்துக்கு வெளியே சற்றே தள்ளியது. எழுத்துகளின் அகலத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு கூட்டிக் குறைத்து, சொல்லிடைவெளியின் சுமையைப் பகிர்ந்துகொண்டது. புள்ளி வெளியே நீண்டால்தான் ஓரம் நேராகத் தெரியும் என்பது கேட்க விசித்திரமாக இருக்கும். ஒரு பக்கத்தை இந்த வசதியோடும் இல்லாமலும் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண் உடனே ஒப்புக்கொள்ளும்.

அப்புறம் எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோட் வந்தது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பில் ககரம் முதலில், ஒகரக் குறி பின்னால் இருக்கும். பக்கத்தில் வரையும்போது குறி இரண்டாகப் பிரிந்து ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். பழைய டெக்குக்கு இது தெரியாது. 2004-ல் ஜொனாதன் கியூ வெளியிட்ட சீடெக் யூனிகோடையும் கணினியில் இருக்கும் எழுத்துருக்களையும் நேரடியாக எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த லுவாடெக்கும் ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற எழுத்து வடிவாக்க நிரலோடு சேர்ந்து இதே வேலையைச் செய்கிறது. ஹார்ஃப்பஸ் இன்று உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் ஓடும் அதே நிரல்தான். ஓரிடத்தில் தமிழ் சரியானால் எல்லா இடத்திலும் சரியாகிறது. கட்டற்ற மென்பொருள் உலகத்துக்கு உள்ள பெரிய வலிமை இது என்று நினைக்கிறேன்.

எல்லோருக்கும் எல்லா வேலைக்கும் டெக் பொருந்தாது. சுவரொட்டி, இதழ் அட்டை, படங்களுக்கு நடுவே பத்திகள் வளைந்து ஓடும் பக்கம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து நகர்த்தி நகர்த்தித்தான் செய்ய முடியும். அதற்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. 2001 வாக்கில் ஃபிரான்ஸ் ஷ்மிட் தொடங்கியது, 2003-ல் முதல் நிலையான வெளியீடு. அச்சுக்கான பிடிஎஃப் என்பதை முதல் நாளிலிருந்தே மையமாக வைத்து வளர்ந்த மென்பொருள். இந்திய எழுத்துகள் அதில் நீண்டகாலம் உடைந்துதான் தெரிந்தன. ஹார்ஃப்பஸ் சேர்ந்த பிறகு அந்தக் குறை நீங்கியது, 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலையான பதிப்பில் அது எல்லோருக்கும் கிடைத்தது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது.

ஸ்கிரைபஸ் கெட்டியாக இருக்கும் இடம் நிறம். திரையின் நிறம் சிவப்பு, பச்சை, நீல ஒளியால் ஆனது. அச்சின் நிறம் சியான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளால் ஆனது. சாதாரண மென்பொருளில் கறுப்பாகத் தெரியும் எழுத்து, திரை நிறக் கணக்கிலேயே பிடிஎஃப்புக்குள் போய், அச்சகத்தில் மாற்றும்போது நான்கு மைகளின் கலவையாகிவிடலாம். நான்கு மைகளும் நான்கு தகடுகளிலிருந்து தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஒரு தகடு மயிரிழை விலகினாலும், சின்ன எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டும். படிக்கும்போது கண் கூசும், ஏன் என்று வாசகருக்குத் தெரியாது. ஸ்கிரைபஸில் எழுத்தின் நிறத்தைக் கறுப்பு மை 100, மற்றவை 0 என்று நேரடியாகவே குறித்துவிடலாம். லாடெக்கிலும் முடியும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிப்பட்ட தவறுகளைத் தடுக்கத்தான் பிடிஎஃப்-எக்ஸ் என்ற தரம், ஐஎஸ்ஓ 15930 என்ற எண்ணில், 2001-லிருந்து இருக்கிறது. பிடிஎஃப்பில் செய்ய முடிந்த பலவற்றை அது தடை செய்கிறது. எழுத்துருக்கள் எல்லாம் பதிந்திருக்க வேண்டும், எந்த அச்சு நிலைமைக்காகத் தயாரித்தது என்று கோப்பு சொல்ல வேண்டும், தாளை வெட்டும் எல்லை எது என்று குறித்திருக்க வேண்டும். ஓரம்வரை படம் வந்தால் வெட்டும் கோட்டைத் தாண்டி வழக்கமாக 3 மில்லிமீட்டர் நீட்டிக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் வெட்டும் கத்தி சற்றே விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியும். ஸ்கிரைபஸ் ஏற்றுமதிக்கு முன் இவற்றில் பலவற்றைத் தானே சோதித்து எச்சரிக்கும். நீண்டகாலம் பாதுகாக்க பிடிஎஃப்-ஏ என்ற தனித் தரம் 2005-ல் வந்தது.

புதிய அச்சுக்கோப்பு மென்பொருட்களில் டைப்ஸ்ட் கவனிக்க வேண்டியது. 2023-ல் திறந்த மூலமாக வெளிவந்தது. லாடெக்கின் பிழைச்செய்திகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் எளிமை பெரிய ஆறுதல், தட்டச்சு செய்யும்போதே பக்கம் உருவாகி வருவதைப் பார்க்கலாம். ஆனால் அது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, பதிப்புக்குப் பதிப்பு இலக்கணம் மாறுகிறது. பத்தாண்டு கழித்தும் திறக்க வேண்டிய நூலுக்கு இன்றைக்கு நான் லாடெக்கைத்தான் எடுப்பேன்.

அந்த நம்பிக்கைக்குக் காரணம், கனூத் டெக்கை உறையவைத்துவிட்டார். 1990-ல் இனிப் புதிய வசதி எதுவும் கிடையாது, பிழைகளை மட்டும் திருத்துவேன் என்று அறிவித்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண்ணில் பை (π) என்ற கணித மாறிலியின் அடுத்த இலக்கம் சேர்கிறது: 3.14, 3.141 என்று. 2021-ல் வெளியானது 3.141592653. தன் மறைவுக்குப் பின் எண் பை என்றே நின்றுவிட வேண்டும், அதற்குமேல் கண்டுபிடிக்கப்படும் பிழைகள் எல்லாம் இயல்புகளாகவே கருதப்பட வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். நிரலில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டாலரில் தொடங்கி ஆண்டுதோறும் இரட்டிப்பாக்கி, 327.68 டாலரில் நிறுத்திய பரிசுக் காசோலையும் 2008 வரை அனுப்பிவந்தார். நிரலை யாரும் எடுத்து மாற்றலாம், விற்கலாம். மாற்றினால் டெக் என்ற பெயரை வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அதே பெயரில் ஓட வேண்டுமென்றால் அவர் எழுதிய கடுமையான சோதனைக் கோப்பில் தேறியாக வேண்டும். அந்த நிபந்தனைதான் 1980-களில் எழுதிய ஒரு மூலக்கோப்பை இன்றும் அதே வரிமுறிப்போடு எடுக்கவைக்கிறது. அதற்கு வேண்டியது வெறும் எழுத்துக் கோப்பும், எவரும் இறக்கிக்கொள்ளக்கூடிய நிரலும்தான். உரிமக் கட்டணம் நின்றதால் திறக்க முடியாமல்போன கோப்பு என்ற பேச்சே இதில் இல்லை.

தமிழில் இன்னும் ஒரு வாக்குறுதி பாக்கி இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப் அச்சில் அழகாக இருக்கும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை வரும். தேடினால் ஒரு சொல்கூடக் கிடைக்காது. யூனிகோடில் செய்த கோப்பிலும் இது நடக்கலாம், ஏனென்றால் பிடிஎஃப் வைத்திருப்பது வடிவங்களின் எண்களை. அந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் அட்டவணையைத் தனியே சேர்த்தாக வேண்டும், பிரிந்து நிற்கும் கொம்பும் காலும் அங்கே எளிதில் குழம்பும்.

அதனால் கோப்பு முடிந்ததும் நான் இரண்டு சோதனைகள் செய்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். பாப்ளர் என்ற கட்டற்ற தொகுப்பில் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. கோப்பில் உள்ள ஒவ்வொரு எழுத்துருவையும் பட்டியலிட்டு, பதிந்திருக்கிறதா, யூனிகோட் அட்டவணை இருக்கிறதா என்று எதிரே சொல்லும். அந்த இரண்டு நெடுவரிசையிலும் எல்லா வரியிலும் 'ஆம்' வர வேண்டும். அடுத்து பிடிஎஃப்பைத் திறந்து, 'கொ' 'கோ' 'கௌ' மூன்றும் வரும் சொற்களைத் தேடிப் பார்க்கிறேன். மூன்றும் கிடைத்தால் அச்சகத்துக்கு அனுப்பலாம்.